செய்ய முடியும், செய்யலாமா?

அணுவைப் பிளக்க முடியுமா?

இது பௌதிகம் கேட்ட கேள்வி. 1938-ல் ஜெர்மனியில் நடந்த சோதனை, "முடியும்" என்று காட்டிவிட்டது.

சரி, அந்தச் சக்தியைக் கொண்டு குண்டு செய்யலாமா? இதற்குச் சோதனைச் சாலையில் பதில் கிடைக்காது. மனிதனின் மனச்சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப் பதில் சொன்ன ஒரு விஞ்ஞானி இருந்தார். ஜோசப் ராட்பிளாட் என்பது அவர் பெயர். போலந்து நாட்டுக்காரர்.

1939-ல் அவர் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மனைவி டோலா நோயுற்று, சொந்த ஊரான வார்சாவிலேயே தங்கிவிட்டார். அப்போது யுத்தம் மூண்டது. ஹிட்லரின் படை போலந்தைப் பிடித்தது. மனைவியை அவர் மறுபடி காணவே இல்லை.

ஹிட்லர் அணுகுண்டு செய்துவிட்டால் உலகம் என்ன ஆகும்? இந்தப் பயத்தினால்தான் 1944-ல் ராட்பிளாட் அமெரிக்கா சென்று, அணுகுண்டு வேலையில் சேர்ந்தார்.

அந்த ஆண்டு முடிவில் ஒரு செய்தி தெரிந்தது. ஜெர்மனி அணுகுண்டு செய்யவில்லை!

ராட்பிளாட் வேலையை விட்டு விலகினார். அவரை ஒற்றர் என்றுகூடச் சந்தேகித்தார்கள். அவர் அசையவில்லை.

மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் சுடுகாடாயின. லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

"அவர் ஒருவர் விலகியதால் குண்டு நின்றுவிட்டதா?" என்று கேட்கலாம். நிற்கவில்லை. உண்மைதான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். தொடர்ந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களில் பலரும் ஹிட்லருக்கு அஞ்சியே சேர்ந்தவர்கள். சேர்ந்த காரணம் போய்விட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை! பங்காளிச் சண்டையில், பகை தொடங்கிய காரணம் மறந்த பிறகும் வழக்கு நடக்கிறதல்லவா? அதுபோலத்தான்.

ராட்பிளாட் சும்மா இருக்கவில்லை. கதிர்வீச்சு உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1955-ல் தத்துவ அறிஞர் ரஸ்ஸலும் ஐன்ஸ்டீனும் விடுத்த அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார். 1957 முதல், பகை நாடுகளின் விஞ்ஞானிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வைத்தார். 1995-ல் அவருக்கும் அந்த இயக்கத்துக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2005-ல், 96 வயதில் காலமானார்.

இன்று யந்திரங்களுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். உயிரின் மரபணுவையே திருத்துகிறார்கள். கேள்வி பழையதுதான்: முடியும், செய்யலாமா?

உங்கள் பிள்ளை விஞ்ஞானம் படிக்கட்டும். "எப்படி?" என்று கேட்கப் பள்ளிக்கூடம் சொல்லித் தரும். "எதற்கு?" என்று கேட்க நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.