சீட்டு இருக்கு... பெட்டி எங்கே?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தாத்தா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். தாத்தா இப்போது இல்லை.

ஒருநாள் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் முரண்டு பிடிக்கிறது. லீவுக்கு வந்த பேரன் பெரிய ஃபோல்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டு, "இனிமே போன் பறக்கும் பாரு பாட்டி" என்கிறான். மறுநாள் காலை தாத்தாவின் சாட்டைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. தேதி, நேரம், எத்தனை விநாடி என்பதுகூட. பட்டனை அழுத்தினால் குரல் மட்டும் வரவில்லை.

என்ன நடந்தது?

திருச்சி ஜங்ஷனில் இறங்குபவர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறுவாரா? பெட்டியை கிளோக் ரூமில் கொடுத்துவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பர்ஸ் மட்டும் கையோடு இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் செய்வதும் இதேதான். நாம் எழுதும் வரிகள் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில், பேரேடு மாதிரி கட்டம் கட்டமாகப் பதிவாகின்றன. போட்டோ, வீடியோ, குரல் எல்லாம் தனி ஃபைல்களாக ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். 'இன்ன இடத்தில் இருக்கிறது' என்ற சீட்டு மட்டும் பேரேட்டில் இருக்கும். கேலரியில் அழித்த போட்டோ சாட்டில் மங்கலாகத் தெரிகிறதே, அது பேரேட்டிலேயே ஒட்டி வைத்த சின்னப் பிரதி. பேரன் காலி செய்தது கிளோக் ரூமை. பாட்டியிடம் மிஞ்சியது சீட்டு.

எல்லாவற்றையும் பேரேட்டிலேயே வைக்க முடியாதா? முடியும். 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அடுக்கும் முறையைச் சொன்னார். பெயர், எண், தேதி போன்ற குட்டித் தகவல்களுக்கு அது கச்சிதம். படமும் நீண்ட கட்டுரையும் வந்தபோது பெரிய கட்டங்கள் தேவைப்பட்டன. டெக் நிறுவனத்தில் இருந்த ஜிம் ஸ்டார்க்கி அதற்கு 'பிளாப்' என்று பெயர் வைத்தார். 1958இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும் கூழ்ப் பிண்டத்தின் பெயர் அது! மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் சாதாரண பிளாப் 65,535 பைட் கொள்ளும். பெரியது 4 ஜிபி வரை.

எழுத்துக்கான சாதாரண 'டெக்ஸ்ட்' கட்டத்துக்கும் அதே 65,535 பைட்தான். இதில் தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்ரீரங்கம் என்று எழுத 9 பைட் போதும். தமிழில் 30 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே மூன்று பைட். அதனால் நீளமான தமிழ்த் தொடர்கதை அந்தக் கட்டத்தைச் சீக்கிரமே நிரப்பிவிடும்.

அப்படியானால் எதை எங்கே வைப்பது? மைக்ரோசாஃப்டில் ஜிம் கிரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006இல் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் சோதித்த கணினியில், 256 கேபிக்குக் குறைவானவற்றை டேட்டாபேஸில் வைப்பது நல்லது. 1 எம்பியைத் தாண்டினால் தனி ஃபைல் நல்லது. இடைப்பட்டவை பயன்பாட்டைப் பொறுத்தவை. பர்ஸ் கையில், பெட்டி அறையில் என்பதே அதன் சாரம்.

ஆனால், இரண்டு இடத்தில் வைத்தால் இரண்டையும் காக்க வேண்டும். போன் மாற்றும்போது சாட் வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடாமல், பழைய போட்டோ ஒன்றையும் குரல் ஒன்றையும் திறந்து பார்ப்பது நல்லது. இடம் போதவில்லை என்றால், ஃபோல்டரை மொத்தமாக அழிக்காமல், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இருக்கும் ஸ்டோரேஜ் பகுதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கலாம். இழக்கக்கூடாத குரலை கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம்.

பாட்டிக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அனுப்பியவர் போனிலும் அந்தக் குரல் ஃபைலாகப் பதிவாகியிருக்கும். தாத்தாவின் பழைய போன் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. பேரன் இப்போது அதற்கேற்ற சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.