ஒருமுறை வழுக்கினால் கையை எடுத்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் அம்மாவின் தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீராக வந்தது. அதன் வலது கதவில், பித்தளைக் கைப்பிடிக்குக் கீழே, நாலு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல். அதைப் போட்டவன் நான்.

1988இல் கைப்பிடி ஆடுகிறது என்று கழற்றப் போனேன். நாலு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டன. நாலாவது வழுக்கியது. மறுபடி திருகினேன், மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை கோபத்தோடு திருகினேன். திருப்புளி துள்ளிக் கதவில் கோடு கிழித்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தப் பித்தளை ஸ்க்ரூவை எப்படியோ பிடுங்கிவிட்டு, கைக்குக் கிடைத்த இரும்பு ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றைப் போட்டு வைத்தேன். போன மாதம் கைப்பிடி மறுபடி ஆட ஆரம்பித்தது. பித்தளை மூன்றும் சொன்னபடி கேட்டன. நான் போட்ட இரும்பு மட்டும் துருவேறி, தலை தேய்ந்து, திருப்புளி நிற்காமல் சுற்றியது.

வேறு வேலைக்கு வந்திருந்த தச்சுப் பையன் பார்த்துவிட்டு, "டிரில் போட்டு எடுத்திடலாம் சார், ரெண்டு நிமிஷம்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு இவ்வளவு என்று பேசித்தான் கூப்பிடுகிறோம். அதிலும் ஐம்பது ரூபாய் குறைக்கிறோம். பொறுமைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவன் மட்டும் ஏன் ஒரு ஸ்க்ரூவோடு அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்? "அவசரமில்லை தம்பி, நேரத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறேன்" என்று உட்கார வைத்தேன்.

நாம் ஸ்டார் ஸ்க்ரூ என்று சொல்வதன் அசல் பெயர் பிலிப்ஸ். 1930களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்குள் வந்தது. அதன் பள்ளம் உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் திருகத் திருகத் திருப்புளி வெளியே எழும்பப் பார்க்கும். பலத்தில் முக்கால்வாசி அழுத்துவதற்கு, கால்வாசிதான் திருப்புவதற்கு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். போதாக்குறைக்கு, வீட்டில் இருக்கும் ஒரே திருப்புளியை எல்லா ஸ்க்ரூவுக்கும் போடுகிறோம்.

பள்ளத்தில் அடைந்திருந்த துருவையும் பழைய வார்னிஷையும் முதலில் ஊசியால் சுரண்டினோம். சால்டரிங் அயர்னைத் தலையில் மட்டும், மரத்தில் படாமல், ஒரு நிமிஷம் வைத்து எடுத்து ஆற விட்டோம். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது துருவின் பிடி தளரும். எண்ணெய் விடலாமே என்பீர்கள். மரத்தில் கறை ஏறிவிடும், வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டில் ஸ்க்ரூத் தலை அளவுக்கு ஓட்டை போட்டு, மேலே வைத்து டேப் ஒட்டினோம். இனி வழுக்கினாலும் காயம் கார்டுக்குத்தான்.

பிறகு முனை தேயாத இரண்டாம் நம்பர் திருப்புளியைப் பொருத்தி, சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு. பள்ளத்துக்கும் முனைக்கும் நடுவே அகலமான ரப்பர் பேண்டுத் துண்டு ஒன்று. நான் கதவை உள்பக்கம் தாங்கிப் பிடித்தேன். தம்பி தோளைக் கொடுத்து அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம் மெதுவாகத் திருப்பினான். கிரீச் என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

வராமல் போயிருந்தால் டிரில்தான். அதிலும் தலையின் நடுவில் புள்ளி குத்திக்கொண்டு, தலையை மட்டும் துளைத்து எடுத்தால் போதும். தகடு தனியே வந்துவிடும். மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதைக் குறடால் பிடித்துத் திருகலாம். டிரில் போடுவது தப்பில்லை. கடைசி வழியை முதல் வழியாக்குவதுதான் தப்பு.

தளர்ந்த ஓட்டையில் மருந்து கிள்ளிய தீக்குச்சிகளைப் பசையோடு செருகி, மறுநாள் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி வழி பண்ணிக்கொண்டு, பித்தளை ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவி ஏற்றினோம். பித்தளை மெத்தென்றது, நேரே ஏற்றினால் தலை முறிந்துவிடும்.

கழற்ற ஆன நேரம் நாற்பது நிமிஷம். 1988இல் எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் தடவை வழுக்குவது ஸ்க்ரூ நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. அதோடு நிறுத்தினால் எல்லா வழியும் திறந்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் நம் வீம்பு. மேஜையிலும் கதவிலும் விழும் கோடுகள் எல்லாம் அப்போது விழுபவைதான்.

கிளம்பும்போது பையன், "அந்தக் கீறலையும் பாலிஷ் போட்டு மறைச்சிடட்டுமா சார்?" என்று கேட்டான். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.