மாட்சா வாங்கப் போகிறீர்களா?



இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள். இப்போது ஜொகூர் பாருவில் ஒரு பானக் கடையில் வேலை செய்கிறாள்.

"டீச்சர், மக 180 வெள்ளிக்கு ஏதோ பச்சைத் தூளும் கிண்ணமும் வாங்கப் போறாளாம். லீவுக்கு வந்து எனக்குக் கலக்கித் தரணுமாம். வேணாம்னா மொகம் சுருங்கிப் போகுது. என்ன சொல்லட்டும்?"

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். 180 வெள்ளி என்பது ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. தாயின் தயக்கம் நியாயமானது. ஆனால், நாள் முழுவதும் பிறருக்குக் கலக்கிக் கொடுப்பதை ஒரு நாளாவது பெற்றவளுக்குக் கலக்கிக் கொடுக்க வேண்டும் என்ற மகளின் ஆசையும் நியாயமானதுதானே!

"அக்கா, வாங்கட்டும். ஆனா செட்டு வேணாம். தூளும் மத்தும் போதும். மத்ததெல்லாம் உங்க அடுப்படியிலேயே இருக்கு" என்றேன்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. முன்பு ஒரு முறை கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில், அழகான பெட்டியைப் பார்த்து மயங்கி 220 வெள்ளி கொடுத்து முழுச் செட்டையும் வாங்கினேன். கிண்ணம், மத்து, அதை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி, மூங்கில் அகப்பை, துணி எல்லாம் இருந்தன. தூள் மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. நானும் கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். வேப்பிலைக் கஷாயம் தோற்றது! மத்தை ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினேன். ஒரே வாரத்தில் பூசணம் பிடித்தது. நான் இழந்த பணத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாட்சா என்பது வேறு ஏதோ அதிசயச் செடி அல்ல. கேமரன் மலையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்களே, அதே தேயிலை இனம்தான். வேறுபாடு வளர்ப்பிலும் பக்குவத்திலும் இருக்கிறது. ஜப்பானில் ஊஜி, நிஷியோ போன்ற ஊர்களில், பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். நிழலில் இலை கரும்பச்சையாகிறது. துவர்ப்பு குறைந்து சுவை கூடுகிறது. பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஓர் எந்திரம் மணிக்குச் சுமார் 40 கிராம்தான் அரைக்கும். விலை ஏன் உயர்வு என்பது இப்போது புரிகிறதல்லவா? போதாததற்கு, உலகமெங்கும் ஆசை பெருகியதால், 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கியோத்தோவின் பெயர்பெற்ற வணிகர்களே ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து விற்றார்கள். இப்படிப்பட்ட காலத்தில் மட்டமான தூளும் நல்ல பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் தூள். 20 அல்லது 30 கிராம் டின் போதும். பெரிய பொட்டலம் மலிவு என்று வாங்காதீர்கள். திறந்த பிறகு மணமும் நிறமும் விரைவில் போய்விடும். பொருள்களின் பட்டியலில் தேயிலை மட்டுமே இருக்க வேண்டும். சீனியும் பால்மாவும் சேர்ந்திருந்தால் சீனிக்கும் மாட்சா விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள். நிறம் இளந்தளிர் போலப் பளிச்சென்று இருக்கட்டும். மஞ்சளோ பழுப்போ கலந்திருந்தால் வேண்டாம். ‘சடங்குத் தரம்’ என்று டின்னில் போட்டிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். அது விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர். ஜப்பானில் அதற்கென்று அரசாங்க முத்திரை எதுவும் கிடையாது.

அடுத்து மூங்கில் மத்து. ஜப்பானியர் இதைச் ‘சாசென்’ என்பார்கள். ஒரே மூங்கில் துண்டை 80, 100 இழைகளாகக் கீறிச் செய்வது. நாரா மாநிலத்தில் உள்ள தகயாமா என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கையால் செய்தது விலை அதிகம். தொடங்குகிறவர்களுக்குச் சாதாரண மத்தே போதும். அதுவும் முடியாவிட்டால், இறுக்கமான மூடியுள்ள போத்தலில் தூளையும் ஆறிய நீரையும் போட்டுக் குலுக்கினாலும் கலங்கிவிடும்.

கிண்ணம் வாங்கவே வேண்டாம். அடி அகன்ற சூப்புக் கிண்ணம் எந்த வீட்டில் இல்லை? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு வழிவகுத்த பெரியவர் சென் நோ ரிக்யூ, பகட்டான சீனக் கிண்ணங்களை ஒதுக்கி, சோஜிரோ என்ற கைவினைஞர் கையால் பிடித்த எளிய கிண்ணங்களையே போற்றினார். அகப்பைக்குப் பதில் தேக்கரண்டி, சல்லடைக்குப் பதில் நம் கம்பிவலை வடிகட்டி. முடிந்தது வேலை.

நான் பின்னர் 30 கிராம் தூளை 75 வெள்ளிக்கும் மத்தை 30 வெள்ளிக்கும் வாங்கினேன். மொத்தம் 105. அந்த டின்னில் 15 கோப்பை வரும். கோப்பைக்கு 5 வெள்ளித் தூள்.

கலக்கும் முறையைக் கேளுங்கள். மத்தின் நுனியை வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்தால் இழை ஒடியாது. ஒரு தேக்கரண்டித் தூளை, தலைதட்டி, வடிகட்டியில் சலித்துக் கிண்ணத்தில் போடுங்கள். அது சுமார் 2 கிராம் இருக்கும். தண்ணீர் கொதித்தவுடன் ஊற்றக் கூடாது. ஒரு கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றுங்கள். தேத்தண்ணி ஆற்றத் தெரியாதவர்களா நாம்! 80 டிகிரி அளவுக்கு இறங்கிய நீரில் ஐந்து மேசைக்கரண்டி விடுங்கள். பிறகு, மோர் கடைவது போல வட்டமாகச் சுற்றாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். மத்து அடியில் அழுந்த வேண்டாம். அரை நிமிடத்தில் மெல்லிய நுரை கட்டும். பால் வேண்டுமானால் இதற்குப் பிறகு சேர்க்கலாம். மத்தைச் சவர்க்காரம் போடாமல் அலசி, காற்றுப் படும்படி நிறுத்தி உலர விடுங்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் இது மிக முக்கியம்.

தாய்மார்களே, இன்னும் ஒன்று. எந்தத் தேநீரையும் சாப்பாட்டோடு குடித்தால், காய்கறி, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். மாட்சாவில் இலையையே விழுங்குகிறோம். ஆகவே, இரத்தச் சோகை உள்ளவர்களும் இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களும் ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதில் காப்பியைப் போலவே காஃபின் உண்டு. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கட்டும். சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். உடல் இளைக்கும், நீரிழிவு தீரும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். இது பானம், மருந்தல்ல.

அந்தப் பெண் சென்ற மாத விடுமுறையில் வந்தாள். செட்டு வாங்கவில்லை, தூளும் மத்தும்தான். கிளினிக்கில் தாய்க்கு இரத்தம் குறைவு என்று சொல்லியிருந்ததால், சோற்றோடு கொடுக்காமல் மாலை நான்கு மணிக்குக் கலக்கினாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மீ சூப்புக் கிண்ணத்தில் பச்சை நுரை பொங்கியது. தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "முருங்கக்கீரைத் தண்ணி மாதிரி இருக்குடி" என்றார். மகள் முகம் வாடியது. ஆனால் கிண்ணத்தை அவர் கீழே வைக்கவே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடு" என்றார்.

மிச்சமான 75 வெள்ளியில் தம்பிக்குப் பள்ளிக் காலணி வாங்கியதாகக் கேள்வி.