குண்டாக இருப்பது குற்றமா?

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் பஸ். திருப்புலிவனத்தில் ஒரு பெண் ஏறுகிறாள். கொஞ்சம் பருமனான உடம்பு. இருவர் உட்காரும் இருக்கையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அவள் அதை நோக்கி வருகிறாள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிக்கிறார். பின்னால் இருந்து ஒரு குரல்: "டயர் தாங்குமா?"

பஸ் முழுவதும் ஒரே சிரிப்பு!

அவள் உட்காரவில்லை. உத்திரமேரூர் வரை நின்றுகொண்டே போகிறாள்.

எந்த ஊர் பஸ்ஸிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. திருப்புலிவனம் என்பதை எடுத்துவிட்டு உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

எடை என்ன?

கிராமத்துப் பஸ்ஸில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சென்னைப் பட்டணத்தில், 2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்ததைக் கேளுங்கள்.

"அதர்ஸ்" என்ற சினிமாப் படம். அதில் கதாநாயகியைக் கதாநாயகன் தூக்கும் காட்சி உண்டு. நிருபர்கள் கூட்டத்தில் ஒருவர் கதாநாயகனைப் பார்த்து, "அவர் எடை என்ன?" என்று கேட்டார். கதாநாயகி கவுரி கிஷன். "96" படத்தில் (2018) பள்ளிக்கூடப் பெண்ணாக வந்தவர்.

அடுத்த கூட்டத்தில் கவுரி இதைத் தட்டிக் கேட்டார். என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார். கேள்வி கேட்டவர் விடவில்லை. அதில் என்ன தப்பு என்று வாதாடினார். உடன் இருந்த ஆண்கள் மவுனமாக இருந்தார்கள். (கதாநாயகன் பிறகு அதற்காக வருந்தினார்.) நடிகர் சங்கம் கண்டித்தது. சென்னை பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தது. கேள்வி கேட்டவர், வேடிக்கையாகக் கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்கிற பாணியில் வருத்தம் தெரிவித்தார். அது மன்னிப்பே ஆகாது என்று கவுரி சொல்லிவிட்டார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், கவுரி குண்டான பெண்ணே அல்ல!

100-க்கு 40 பேர்

யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

மத்திய அரசாங்கம் 2019 முதல் 2021 வரை குடும்ப நலக் கணக்கு ஒன்று எடுத்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். முந்தின கணக்கில் பெண்கள் 31 பேர்; ஆண்கள் 28 பேர். சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏற்றம். தமிழ்நாட்டில் இத்தனை பேர் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா, என்ன?

"தின்று தின்று பெருத்துவிட்டாள்" என்று சொல்வது சுலபம். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. தாய் தகப்பன் வழியாக வரும் உடல்வாகு ஒரு காரணம். தைராய்டு சுரப்பி மந்தமானால் உடம்பு கனக்கும். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்கள் பலருக்கு எடை கூடும். ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாலும் கூடும். தூக்கம் கெட்டாலும் கூடும். வாழ்க்கையும் மாறிவிட்டது. ஏரிப் பாசனம் உள்ள உத்திரமேரூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. நடந்து போன தூரத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. சோறு மட்டும் அதே சோறு.

ரங்கராவும் பிந்து கோஷும்

எஸ்.வி.ரங்கராவ் பருமனானவர். அவர் சினிமாவில் ஜமீன்தாராக வந்தார். மரியாதைக்குரிய அப்பாவாக வந்தார். யாரும் சிரிக்கவில்லை. பிந்து கோஷ் என்ற நடிகையும் பருமனானவர். நடனக் குழுவில் ஆடியவர். அவருக்குக் கிடைத்தது என்ன? பார்த்தவுடன் சிரிப்பதற்கான வேஷங்கள். 2025 மார்ச்சில் அவர் காலமானபோதும் அந்தச் சிரிப்பு வேஷங்களைச் சொல்லித்தான் நினைவுகூர்ந்தார்கள்.

ஆணுக்குத் தொந்தி இருந்தால் "வசதியான மனிதர்". பெண்ணுக்கு இருந்தால் "பூசணிக்காய்". கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள், "கொஞ்சம் இளைத்தால் தேவலை" என்று கூசாமல் சொல்லிவிட்டு, கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அன்று இரவு அந்தப் பெண் சாப்பிடுவாளா?

குழந்தை விஷயத்தில் நாம் நேர்மாறு. "கொழுகொழு என்று இருக்கிறான்" என்று கன்னத்தைக் கிள்ளுகிறோம். அதே குழந்தை 12 வயதில் பள்ளிக்கூடத்தில் "டேய் தடியா!"

கேலியால் இளைத்தவர் உண்டா?

"கேலி செய்தால்தானே ரோஷம் வந்து இளைப்பான்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பது வேறு. கேலிக்குப் பயந்து காலையில் நடக்கப் போகாதவர்கள் உண்டு. விளையாட்டு மைதானத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகள் உண்டு. மனம் உடைந்து இன்னும் அதிகமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. மிகவும் கெடுதலானது, டாக்டரிடமே போகாமல் இருப்பது. எந்த வலி என்று போனாலும், "முதலில் எடையைக் குறை" என்ற ஏச்சு கிடைக்குமோ என்ற பயம். அளவுக்கு மீறிய எடையால் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் வரலாம். வைத்தியம் அவசியம் தேவைப்படுகிறவர்களைத்தான் நம் சிரிப்பு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து துரத்துகிறது.

சட்டம் உண்டா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், எடையைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2023-ல் செய்தது.

நம் நாட்டில் எடைக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் "ராகிங்" தடை விதிகளைத் திருத்தியது. மாணவரின் தோற்றத்தைச் சொல்லித் துன்புறுத்துவதும் "ராகிங்" என்று சேர்த்தது. பாதிக்கப்பட்ட மாணவர்கள் 1800-180-5522 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம்.

மாணவர் அல்லாதவர்களுக்கு அந்த விதி செல்லாது. பஸ்ஸில் வரும் மற்றவர்களுக்குச் செல்லாது. கல்யாண வீட்டில் செல்லாது. அங்கெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால்தான் உண்டு.