லூனாவின் கதையில் லூனா எங்கே?

ஜூலி ஆன் பீட்டர்ஸ் எழுதிய ‘லூனா’ 2004-இல் வெளிவந்தது. திருநங்கை ஒருவரை மையமாக வைத்த பதின்பருவ நாவல்களில் முன்னோடி என்று அமெரிக்காவில் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருது இறுதிப் பட்டியலிலும் அது இருந்தது. முன்னோடி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. அதைச் சாக்கிட்டுச் சொல்லப்படும் மற்றவற்றைத்தான் மறுக்கிறேன்.

இது லூனாவின் கதை என்கிறார்கள். இல்லை, தங்கை ரீகனின் கதை. பகலில் லியாமாகப் பள்ளிக்குப் போய், இரவில் தங்கையின் அறையில் லூனாவாகும் அந்தப் பெண்ணின் மனதுக்குள் நாம் ஒருமுறையும் நுழைவதில்லை. நமக்குக் கிடைப்பது ரீகனின் தூக்கம் கெட்ட இரவுகள், ரீகனின் பயம், ரகசியத்தால் தடுமாறும் ரீகனின் காதல். பையன் உடையில் ‘அவன்’, பெண் உடையில் ‘அவள்’ என்று ரீகன் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். குழம்பிப்போன தங்கை அப்படிப் பேசுவது இயல்புதான். ஆனால் நாவல் முழுக்க ஒலிப்பது அந்தக் குரல் ஒன்றே. உடை மாறினால் ஆளும் மாறிவிடுவார் என்ற எண்ணம் வாசகரிடம் அப்படியே படிந்துவிடுகிறது.

விஷயம் தெரியாத வாசகரை அழைத்துவர உடன்பிறந்தவளின் பார்வை உதவும் என்பது அடுத்த வாதம். எந்த வாசகரை? தன் உடலோடு போராடிக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் இந்தப் புத்தகத்தை எடுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையும் வாசகர்தானே! அந்தப் பிள்ளைக்கு இது சொல்வது என்ன? நீ வீட்டாருக்குச் சுமை என்பதைத்தான். முடிவைப் பாருங்கள். லூனா சியாட்டிலுக்கு விமானம் ஏறுகிறாள். ரீகனுக்குத் தன் வாழ்க்கை திரும்பக் கிடைக்கிறது. போன ஊரில் லூனா எப்படி வாழ்ந்தாள் என்று நாவல் கேட்கவே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம் இந்த இடம்தான்.

அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும் என்பதும் நிற்காது. மூன்றே ஆண்டுகளில், 2007-இல், எலன் விட்லிங்கரின் ‘பேரட்ஃபிஷ்’ வந்தது. அதில் கிரேடி என்ற திருநம்பி தன் கதையைத் தானே சொல்கிறான்.

இப்படிக் குறை சொன்னால் இத்தகைய புத்தகங்களுக்குத் தடை கேட்பவர்களுக்குப் பலம் சேரும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. தடை கேட்பது வேறு, குறை சொல்வது வேறு. அலெக்ஸ் ஜினோ 2015-இல் எழுதிய சிறுவர் நாவல், இப்போது ‘மெலிசா’ என்ற பெயரில் கிடைப்பது, தொடக்கத்திலிருந்தே தன் நாயகியைப் பெண்ணாகவே பேசுகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2018 முதல் 2020 வரை மிக அதிகமாக எதிர்க்கப்பட்ட புத்தகம் அதுதான். எதிர்த்தவர்கள் அதை அலமாரியிலிருந்தே அகற்றச் சொன்னார்கள். நான் எந்தப் புத்தகத்தையும் அகற்றச் சொல்லவில்லை. ‘லூனா’வும் இருக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளையின் கையில் முதலில் கொடுப்பதாக இருந்தால், ‘மெலிசா’வையோ, திருநங்கையான மெரிடித் ருஸ்ஸோ 2016-இல் எழுதிய ‘இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்’ நாவலையோ கொடுங்கள்.