சண்டை ஹோர்முஸ்ல, பில் ஆட்டோக்காரருக்கு!

"கப்பல் போற பாதையில சண்டைன்னா பெட்ரோல் விலை ஏறத்தானே செய்யும்?" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2019 ஜூன் 13-ல் ஹோர்முஸ் நீரிணைக்குப் பக்கத்தில், ஓமன் வளைகுடாவில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் தாக்கப்பட்டன. அன்றே கச்சா எண்ணெய் விலை ஏறியது. கப்பல் காப்பீட்டுக் கட்டணமும் எகிறியது.

இறங்கும்போது என்ன ஆச்சு? 2020-ல் கொரோனாவால் கச்சா விலை தரைக்கு வந்தது. உடனே மே மாதம் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு பெட்ரோலில் 10 ரூபாய், டீசலில் 13 ரூபாய் கூட்டியது. பங்க்கில் ஒரு பைசா குறையவில்லை. சந்தையைப் பார்த்துத் தினமும் விலை மாறும் என்று 2017-ல் சொன்னதெல்லாம் ஏற்றத்துக்கு மட்டும்தானா?

பி.காம். படிக்கிற எனக்குப் புரிந்த கணக்கு இதுதான்: நஷ்டம் ஆட்டோ ஓட்டுறவருக்கு, லாபம் கஜானாவுக்கு. இதுக்குப் பேர் சந்தையா? நீங்களே சொல்லுங்க மக்களே!