அழைப்புச் செலவு

கல்யாணத்துக்குச் செலவுப் பட்டியல் போடும்போது பந்தல், மேளம், சமையல், ஜவுளி, சீர் என்று வரிசையாக எழுதுகிறோம். எல்லாம் எழுதி முடித்த பிறகு, காகிதத்தில் இடம் மிச்சமிருந்தால், 'அழைப்புச் செலவு' என்று அடியில் ஒரு வரி விழும். வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்து வருவதற்கு வண்டிச் சத்தம், வெற்றிலை பாக்கு, அவ்வளவுதான். செலவைச் சுருக்க வேண்டுமென்றால் வீட்டு எஜமானர் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். "தபாலில் பத்திரிகை போனால் போதாதா?" என்பார். போதாது என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். நேரில் அழைக்காவிட்டால் பந்தல் இருக்கும், பந்தி இருக்கும். உட்கார ஆள் இருக்காது.

மழைத் தண்ணீரைக் காப்பாற்றுவதற்காக நம் நாட்டில் செய்யும் செலவுகளிலும் இப்படி ஓர் அழைப்புச் செலவு உண்டு. ஜவ்வாது மலையை வைத்து அதைச் சொன்னால் எளிதில் விளங்கும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது இந்த மலை. காவலூரில் இருக்கும் வானோக்கு நிலையத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் பலர். அந்த மலையின் காலடியில் ஓடும் தண்ணீரை நினைத்துப் பார்க்கிறவர்கள் சிலரே. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. நாகநதியும் மிருகண்டா நதியும் இந்த மலையின் குழந்தைகளே. செய்யாறு திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. பாலாற்று மணலில் தோண்டிய கிணறுகளிலிருந்து தாம்பரம் வட்டாரத்துக்குக் குடிநீர் வந்திருக்கிறது. ஆகவே, தாம்பரத்தில் குழாயடியில் குடத்தை வைக்கும் அம்மாளுக்கும், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமைக் கொல்லையில் களை பறிக்கும் பெண்ணுக்கும் ஓர் உறவு இருக்கிறது. இருவருக்கும் அது தெரியாது, அதுதான் சங்கடம்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல; மலையை ஆளுகிறவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பாஷை தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதையும் அவர்களிடையே வழங்குகிறது. சாமை, புளி, பலா, தேன் இவைதான் செல்வம். சரிவான நிலத்தில் உழவு. பெரிய மழை ஒன்று அடித்தால் மேல் மண் கரைந்து ஓடை வழியே போய்விடும். மண் போனால் விளைச்சல் குறையும். நின்று ஊற வேண்டிய தண்ணீர் நில்லாமல் ஓடும். கோடையில் ஊற்று வற்றும். கீழே அணையில் வண்டல் சேரும். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடுவது, ஓடையில் கல்லடுக்கித் தடுப்பது, மரத்தை வெட்டாமல் விடுவது, ஆட்டை வேறு பக்கம் ஓட்டுவது இவைதான் மருந்து. இவற்றில் எதைப் பட்டணத்து இன்ஜினீயர் தனியாகச் செய்ய முடியும்? வரப்பைக் கட்டிவிட்டுப் போகலாம். அடுத்த மழைக்கு அது உடைந்தால் மண் வெட்டிப் போட அந்த வீட்டு மனுஷர்கள்தான் வேண்டும்.

இதைச் சர்க்கார் அறியாமல் இல்லை. 2008-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் நீர்வடிப் பகுதி மேம்பாட்டுக்குப் பொது நெறிமுறைகள் வெளியிட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கமிட்டி வேண்டும். அதில் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்கள், நிலமில்லாதவர்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர், சுய உதவிக் குழுவினர் போன்றோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நல்ல ஏற்பாடு. அதற்குப் பணம் எவ்வளவு ஒதுக்கினார்கள்? ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டு பங்கு பிரித்துப் பார்ப்போம். மண்ணிலும் ஓடையிலும் செய்யும் வேலைகளுக்கு ஐம்பது காசு. நிர்வாகத்துக்குப் பத்துக் காசு. ஜனங்களைத் திரட்டிச் சங்கம் அமைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு ஐந்து காசு.

அந்த நாளில் மலைப் பிரதேசங்களுக்கு ஹெக்டேருக்கு 15,000 ரூபாய் என்று கணக்கு. ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதில் ஐந்து காசுப் பங்கு 750 ரூபாய். திட்டமோ நான்கு முதல் ஏழு வருஷம் வரை நடப்பது. ஐந்து வருஷம் என்று வைத்தால் வருஷத்துக்கு 150 ரூபாய்! ஒரு மலைக் கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் இந்தத் தொகையைக் கேட்டுப் பெருமூச்சுதான் விடுவார்கள்.

ஆனால் அந்த நெறிமுறைகளில் புத்திசாலித்தனமான ஒரு நாலு காசும் இருந்தது. பெரிய வேலைகளைத் தொடங்குமுன் ஊர் ஜனங்கள் எதை அவசரமாக வேண்டுகிறார்களோ அதை முதலில் செய்து கொடுத்து அவர்கள் நம்பிக்கையைப் பெறுங்கள் என்று ஒதுக்கியது அது. இதுதான் வெற்றிலை பாக்கு. வெறும் கையோடு போய், "எங்களுக்காக மலையைக் காப்பாற்று" என்றால் யார் கேட்பார்கள்?

அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மலையடிவாரமே சாட்சி. ஜவ்வாது மலையிலிருந்து வேலூர் ஜில்லாவுக்குள் இறங்கும் நாகநதி பல வருஷங்களாக வறண்டு கிடந்தது. வாழும் கலை அமைப்பு அதைச் சீர்ப்படுத்த முன்வந்தபோது நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி கைகொடுத்தது. அதற்கு அடிப்படையான 2005-ஆம் வருஷத்துச் சட்டம், வேலை பெறுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. வேலூரில் அந்தப் பங்கைப் பற்றி யாரும் கவலைப்பட நேரவில்லை. சுமார் இருபதாயிரம் பெண்கள் வந்தார்கள். ஓடைகளில் ஆழக் குழி வெட்டி, சிமெண்டு உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, மழை நீர் பூமிக்குள் இறங்கும் கிணறுகளாக்கினார்கள். குறுக்கே கல் தடுப்பணைகள் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் மோடி தம் வானொலிப் பேச்சில் நாகநதிப் பெண்களைப் பாராட்டினார்.

கூலி இருந்ததால் வந்தார்கள் என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். வரட்டுமே! அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உலை வைக்கிறவளிடம் இலவசமாக ஒரு நாளைக் கேட்பது தர்மமா? கூலியும் ஓர் அழைப்புதான். உன் உழைப்புக்கு விலை உண்டு என்று சொல்கிற மரியாதையான அழைப்பு.

கூலியோடு முடிந்துவிடாத சங்கதியும் ஒன்று உண்டு. அதற்கு வடக்கே சண்டிகர் வரைக்கும் போக வேண்டும். 1958-இல் அங்கே சுக்னா ஏரியை அமைத்தார்கள். இருபது வருஷத்துக்குள் பாதிக்கு மேல் வண்டல் சேர்ந்துவிட்டது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது, சிவாலிக் மலைச் சரிவில் சுகோமாஜ்ரி என்ற ஏழைக் கிராமம் தென்பட்டது. அந்த ஊர் ஆடுகள் மேய்ந்து மலை மொட்டையாகியிருந்தது. மண்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா அங்கே சிறிய அணை கட்டித் தண்ணீர் தேக்கினார். தண்ணீர் நிலத்துக்குப் போயிற்று. நிலமில்லாதவனுக்கு? "எனக்கென்ன லாபம், நான் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்?" என்பது அவனுடைய நியாயமான கேள்வி. ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலம் இல்லாதவர்களுக்குங்கூட, தண்ணீரில் பங்கு என்று முடிவானது. வேண்டாத பங்கைப் பிறருக்குக் கொடுத்துக் காசு பார்க்கலாம். அப்புறம் மலைக்கு முள்வேலி வேண்டியிருக்கவில்லை; ஜனங்களே வேலியாக நின்றார்கள்.

ஜவ்வாது மலை உச்சியில் இதைச் செய்வது அடிவாரத்தைவிடச் சிரமம். வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. வேனில் காலத்தில் பல குடும்பங்கள் கூலி வேலை தேடி மலையிறங்கிப் போய்விடுகின்றன. பகலில் கூட்டம் போட்டால் கிழவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள். கொல்லை வேலை முடிந்து, அடுப்பு வேலையும் முடிந்த பிறகு பெண்களைப் பார்க்க வேண்டுமானால், இரவில் தங்கிப் பேசுகிற ஆள் வேண்டும். மலையிலேயே பிறந்து படித்த பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் காரியம் பாதி முடிந்த மாதிரி. வந்து உட்காருகிறவர்களுக்கு அரை நாள் கூலி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி, எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை இவையெல்லாம் ஆடம்பரமல்ல, அழைப்பின் அங்கங்கள்.

ஒரு பயமும் இருக்கிறது; அதை மறைப்பானேன்? 'விழிப்புணர்வு' என்ற பெயரால் பணம் கொடுத்தால், மலையில் செலவாக வேண்டியது ஜில்லாத் தலைநகரில் மண்டப வாடகையாகவும் பொன்னாடையாகவும் முந்திரி பகோடாவாகவும் கரைந்துவிடலாம். அதற்குப் பரிகாரம் பணத்தை நிறுத்துவதல்ல. செலவுக் கணக்கை அந்தந்த ஊர் கிராம சபையில், எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கச் செய்வதே பரிகாரம். தங்கள் பெயரால் வாங்கிய பகோடாவைத் தாங்கள் சாப்பிட்டோமா இல்லையா என்பது ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதா, என்ன?

நீங்கள் மாதர் சங்கத்தில் இருக்கலாம். உங்கள் கணவரோ பிள்ளையோ தர்மத்துக்குப் பணம் ஒதுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கலாம். தடுப்பணைக்கும் மரக்கன்றுக்கும் நன்கொடை கேட்டு யாராவது வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன், எத்தனை குழி வெட்டப் போகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், யாரைக் கேட்டு வெட்டப் போகிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.